வெளுத்துப் போன பழைய சிவப்பு மாருதி 800: பாலிஷ் போதுமா, முழுப் பெயிண்ட் வேண்டுமா?

கேள்வி: புளியரைவாசி

எங்கள் வீட்டில் 1998 ஆம் ஆண்டு வாங்கிய சிவப்பு நிற மாருதி 800 உள்ளது. கொட்டகை இல்லாமல் நெடுங்காலம் வெயிலிலும் சாரலிலும் நின்றதால் கூரையும் பானட்டும் இளஞ்சிவப்பாக வெளுத்துவிட்டன; தடவினால் கையில் தூள் ஒட்டுகிறது. கதவுகள் ஓரளவு நன்றாகவே உள்ளன. பின்பக்க வலது ஓரத்தில் முன்பு எப்போதோ டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்த பகுதியில் மட்டும் மேற்பூச்சு செதில் செதிலாக உரிகிறது. செங்கோட்டையில் ஒரு பட்டறையில் முழுவதும் புதிதாக அடிக்க வேண்டும் என்கிறார்கள். புனலூரில் ஒருவர் பஃபிங் (மெஷினால் தேய்த்துப் பளபளப்பாக்குவது) செய்தாலே போதும் என்கிறார். கம்பெனிப் பெயிண்ட்டை இயன்றவரை காப்பாற்றவே விரும்புகிறேன். டீசலோ தேங்காய் எண்ணெயோ தொட்டுத் துடைத்தால் நிறம் திரும்பும் என்று சிலர் சொல்வது சரியா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: ஆரியங்காவு பெயிண்டர்

அண்ணாச்சி, உங்களிடம் இருவரும் சொன்னது காரின் வெவ்வேறு பகுதிகளுக்குப் பொருந்தும். உங்கள் காரில் இப்போது இரண்டு விதமான பெயிண்ட் இருப்பதாகத் தெரிகிறது. முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈரமான வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்துப் பானட்டில் ஒரு மூலையைத் தேயுங்கள். துணியில் சிவப்பு இறங்கினால் அது ஒற்றைப் பூச்சு, அதாவது நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும் பெயிண்ட். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் உள்ள பிசினைச் சிதைத்துவிடுவதால், பிடிமானம் இழந்த நிறத்துகள்தான் உங்கள் கையில் தூளாக ஒட்டுகிறது. அந்தச் செத்த தோலை மட்டும் மெல்ல எடுத்துவிட்டால் அடியில் நல்ல சிவப்பு இருக்கும். கூரையும் பானட்டும் வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பதால் அவைதான் முதலில் வெளுக்கின்றன. கதவுகள் தப்பியதற்கும் அதுவே காரணம்.

பின் ஓரத்தில் உரிவது நிறத்தின் மேல் தனியாக அடித்த கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. விட்டுப்போன கிளியரை எந்தக் காம்பவுண்டும் (பாலிஷைவிடக் கரடான தேய்ப்புப் பசை) ஒட்டவைக்காது. அந்தப் பேனலை மட்டும் தேய்த்து, பிரைமர் போட்டு, மீண்டும் அடிக்கத்தான் வேண்டும். அதற்காக முழுக் காரையும் அடிப்பது வீண் செலவு. நல்ல நிலையில் உள்ள கம்பெனிப் பெயிண்ட்டின் பிடிப்பு பட்டறை வேலையில் எளிதில் கிடைப்பதில்லை.

டீசலும் எண்ணெயும் வேண்டாம். அவை ஈரம் காட்டிச் சில நாள் மினுக்குமே தவிர, சிதைந்த அடுக்கு அப்படியே இருக்கும். மேலும் தூசியை இழுத்து ஒட்டவைக்கும்.

பதில் 2: தென்காசி டீட்டெய்லிங்

மேலே சொன்னது சரி. செய்முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பழைய பெயிண்ட் கெடுவது பெரும்பாலும் தேய்ப்பவர் அவசரத்தால்தான்.

கம்பெனியில் அடித்த பெயிண்ட் பிரைமரையும் சேர்த்துச் சுமார் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். தலைமுடி ஒன்றின் குறுக்களவே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் உங்களிடம் எவ்வளவு மிச்சம் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் வேலையைக் கொடுங்கள். உங்கள் பின் ஓரத்தில் அளவு பலமடங்கு காட்டினால் அடியில் புட்டி இருக்கிறது என்று பொருள்.

நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, ஷாம்பூ போட்டுக் கழுவி, களிமண் போன்ற கிளே பாரை நுரைநீருடன் ஓட்டி, ஒட்டியிருக்கும் இரும்புத்தூளையும் மரப்பிசினையும் எடுக்க வேண்டும். பிறகு நேரே காம்பவுண்டுக்குப் போகாதீர்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த கிளேஸ் (பளபளப்பூட்டும் குழம்பு) ஒன்றைத் தாராளமாகத் தடவி இரவு முழுவதும் ஊறவிட்டால் வறண்ட ஒற்றைப் பூச்சுச் சிவப்பு நன்கு தெளியும். மெகுவயர்ஸ் நிறுவனத்தின் 7 ஆம் எண் கிளேஸ் இதற்குப் பெயர் பெற்றது. மறுநாள் ஓரடிச் சதுரத்தில் மென்மையான பாலிஷைச் சோதித்து, அதில் தெளியாவிட்டால் மட்டும் காம்பவுண்டுக்கு ஏறலாம்.

சுழல் மெஷின் வேகமாக வேலை செய்யும், ஆனால் பானட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு போன்ற இடங்களில் நொடியில் பிரைமரைக் காட்டிவிடும். விளிம்புகளில் டேப் ஒட்டி, சுழன்றபடியே அசைந்து மென்மையாகத் தேய்க்கும் டி.ஏ. மெஷினையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மெஷினில் மாட்டும் பேடு சிவப்பாக மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஒற்றைப் பூச்சில் அது இயல்பு; பேடை அடிக்கடி சுத்தம் செய்தால் போதும்.

புளியரைவாசி

இருவருக்கும் நன்றி. துணியில் சிவப்பு நன்றாகவே இறங்கியது. பின் ஓரத்தில் இறங்கவில்லை. அந்தப் பேனலை முதலில் அடித்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாலிஷ் செய்யலாமா? நிறம் பொருந்துமா என்பதே கவலை.

பதில் 3: ஆரியங்காவு பெயிண்டர்

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பாலிஷ், பிறகு பெயிண்ட். காரில் உள்ள நிற எண்ணை மட்டும் நம்பிக் கலந்தால், அது 1998 இல் கம்பெனியிலிருந்து வந்த சிவப்பாக இருக்கும். உங்கள் கதவு இப்போது அந்தச் சிவப்பில் இல்லை. பாலிஷ் முடிந்த கதவைப் பார்த்துக் கலந்து, ஒரு தகட்டில் அடித்து உலரவைத்து, வெயிலில் கதவோடு ஒப்பிட்ட பிறகே பேனலில் அடிக்க வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்ய மறுக்கும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பழைய மறுபெயிண்ட் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகையா என்றும் பாருங்கள். கண்ணில் படாத இடத்தில் தின்னர் தொட்ட துணியை வைத்தால் என்.சி. கரைந்து பிசுபிசுக்கும்; ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் நன்கு இறுகியிருந்தால் அப்படிக் கரையாது. என்.சி.யாக இருந்தால் முழுவதும் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது, அதன்மேல் 2கே அடித்தால் அடிப்பூச்சு சுருங்கித் தூக்கிக்கொள்ளக்கூடும்.

காலமும் முக்கியம். சாரல் அடிக்கும் மாதங்களில் திறந்த கொட்டகையில் அடித்தால் ஈரம் படிந்து மேற்பூச்சு வெண்மை பூத்துப்போகும். நம் பக்கத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைப்பதால், பிப்ரவரி, மார்ச் மாதங்களையே நான் விரும்புவேன். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது; அடிக்கும் பையன் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றால், தகுந்த சுவாசக் கவசம் போடும்படி நீங்களே வற்புறுத்துங்கள். அது அவருடைய நுரையீரல் பற்றிய விஷயம்.

அதே சிவப்பில் அடிப்பதால் பதிவுச் சான்றிதழில் மாற்றம் எதுவும் தேவைப்படாது. வேறு நிறத்துக்கு மாற்றினால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். பாலிஷ் செய்த பகுதிகளுக்கு உடனே வேக்ஸ் அல்லது சீலண்ட் போடுங்கள். புதிதாக அடித்த பேனலுக்கு மட்டும் பட்டறைக்காரர் சொல்லும் காலம் வரை, குறைந்தது ஒரு மாதமாவது, வேக்ஸ் போடாமல் விடுங்கள்; கரைப்பான் முழுவதும் வெளியேற வேண்டும். அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை வேக்ஸைப் புதுப்பித்து, வெளியே நிறுத்தும்போது துணி உறை போட்டு வந்தால், மீண்டும் காம்பவுண்ட் வைத்துத் தேய்க்கும் தேவை வெகுநாள் வராது. உறையைப் போடுவதற்கு முன் தூசியைக் கழுவிவிடுங்கள், தூசியின் மேல் காற்றில் அசையும் உறையே வாட்டர் பேப்பர் போலத் தேய்த்துவிடும்.