யாரை வழியனுப்பிட்டு வர்றா இவ?

சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் சட்டம் போட்டு வாங்கிய அச்சுப் படம் அது. பெயர் ‘இலையுதிர்கால நாள், சோகோல்னிக்கி’. ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிட்டான் 1879இல் வரைந்தது. அசல் மாஸ்கோவின் ட்ரெட்யகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. இருபுறமும் ஓங்கிய இருண்ட மரங்கள், வழியெல்லாம் மஞ்சள் இலைகள், நடுவே கறுப்பு உடையில் ஒருத்தி நம்மை நோக்கி நடந்து வருகிறாள். அந்த மஞ்சளுக்காகத்தான் வாங்கினேன். அவளை நான் சரியாகக் கவனிக்கவே இல்லை.

அப்பா தவறிய மூன்றாம் மாதம் அம்மா எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை காபி டம்ளரோடு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். “யாரை வழியனுப்பிட்டு வர்றா இவ?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். வரைந்தபோது லெவிட்டானுக்கு 19 வயது. தாயும் தந்தையும் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள். யூதர் என்பதால் அந்த ஆண்டு மாஸ்கோவை விட்டே வெளியேற்றியிருந்தார்கள். இன்னொன்று, அந்தப் பெண்ணை வரைந்தது அவர் இல்லை! உடன் படித்த நிக்கோலாய் செக்கோவ், அதாவது எழுத்தாளர் செக்கோவின் அண்ணன், சேர்த்த உருவம் அது.

படித்ததும் எனக்குச் சங்கப் பாடல்களின் திணைதான் நினைவுக்கு வந்தது. காடும் காலமும் முதற்பொருள், மரங்கள் கருப்பொருள். இரண்டும் லெவிட்டானுடையவை. உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்குரிய உணர்வு, மட்டும் நண்பன் கையால் வந்திருக்கிறது. காடு என்பதால் முல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் முல்லைக்கு உரியது காத்திருத்தல். இவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இது பாலை, பிரிவு. திணை எதுவும் படிக்காத அம்மா அதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

இலையுதிர்காலம் என்றாலே முதுமை என்று பொதுவாக அர்த்தம் சொல்வார்கள். இந்தப் படத்துக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். பாதையோரத்துச் சின்ன மேப்பிள் கன்றுகளைப் பாருங்கள், அவையும் மஞ்சள்தான். பிரிவுக்கு வயது ஏது?

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் இல்லை. ஆனால் எங்கள் புளோக் கீழே ஒரு கெத்தபாங் மரம் நிற்கிறது, ஊரில் வாதாங்கொட்டை மரம் என்போமே, அதுதான். உதிரும் முன் அதன் இலை நல்ல சிவப்பாகிவிடும். அம்மா ஒன்றை எடுத்து வந்து படச்சட்டத்தின் மூலையில் செருகினார். இரண்டு வாரத்தில் அது பழுப்பாகிச் சுருண்டுவிட்டது. அதை எடுக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு சிவப்பு இலையைச் செருகி வைத்திருக்கிறார்.