கஞ்சா, சிகரெட், வேப்: பஞ்சுத்தூசியில வேலை செய்யறவங்களுக்கு எது எவ்வளவு கேடு?

ரிங்ஃப்ரேம்_பல்லடம்:
ஏனுங்க, ஒரு சந்தேகம். இந்தப்பக்கம் ஸ்பின்னிங் மில் பசங்க மூணு கட்சியா நிக்கறாங்க. கஞ்சா செடிதானே, சிகரெட்டுக்குத் தேவலைங்குது ஒரு கட்சி. வேப்புல, அதாவது மின்சிகரெட்ல, வெறும் நீராவிங்குது இன்னொண்ணு. நாளைக்கு ரெண்டே சிகரெட், ஒண்ணும் ஆகாதுங்குது மூணாவது. சட்டம் வேண்டாமுங்க, உடம்புக்கு என்ன ஆகுதுன்னு தெரியோணும்.

நெஞ்சக_ஓபி:
எந்த இலையை எரிச்சாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் தர்ற பென்சோபைரீனும் வரும். புகையிலையில நிக்கோட்டின், கஞ்சாவுல போதை ஏத்தற டிஎச்சி. மத்தபடி புகை கிட்டத்தட்ட ஒரே சரக்கு. வித்தியாசம் இழுக்கற விதத்துல. கஞ்சா சுருளுக்கு ஃபில்டர் இல்லை, நெஞ்சு நிறைய இழுத்து அடக்கி வெக்கறாங்க. 1988ல அமெரிக்காவுல அளந்தப்ப, ஒரு சிகரெட்டை விட ஒரு கஞ்சா சுருள்ல நுரையீரல்ல தங்கின தார் சுமார் 4 மடங்கு, ரத்தத்துல ஏறின கார்பன் மோனாக்சைடு சுமார் 5 மடங்கு. மூச்சை அடக்கறதால போதை பெருசா கூடறதில்லை, தார் தங்கறதுதான் கூடுது.

அப்புறம் ஏன் சாவுக்கணக்குல சிகரெட் முன்னால நிக்குது? நாளைக்கு 20 சிகரெட் ஊதறவங்க ஏராளம், 20 கஞ்சா சுருள் இழுக்கறவங்க அபூர்வம். அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியோட 2017 அறிக்கைப்படி, கஞ்சாப் புகையால நாள்பட்ட சளி இருமல் வர்றதுக்கு வலுவான சான்று இருக்குது, நுரையீரல் புற்றுநோய்க்கு அப்படி இல்லை. இதைக் காட்டி கஞ்சா தேவலைன்னு வாதாடறவங்க, மனச்சிதைவு நோய்க்கும் வலுவான சான்று இருக்குதுன்னு அதே அறிக்கை சொல்றதை மட்டும் தாண்டிப் போயிருவாங்க. சின்ன வயசுல ஆரம்பிச்சவங்களுக்கும், குடும்பத்துல யாருக்காச்சும் அந்த நோய் இருந்தவங்களுக்கும் அபாயம் இன்னும் அதிகம்.

"ரெண்டே சிகரெட்" கட்சிக்கு: புற்றுநோய் அபாயம் எண்ணிக்கைக்குத் தக்கன ஏறும், இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 20 ஊதற ஆம்பளைக்குக் கூடற இதயநோய் அபாயத்துல ஏறக்குறைய பாதி, ஒண்ணே ஒண்ணு ஊதறவருக்கும் வந்துருதுன்னு 2018ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னாங்க. பீடி இன்னும் மோசம். அடிக்கடி இழுக்காட்டி அணைஞ்சுரும், அதனால இழுப்பு அதிகம், உள்ள போற புகையும் அதிகம்.

காயில்_வாட்:
வேப்புல வர்றது நீராவியே இல்லைங்க. புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் சூடாகி வர்ற பொடித்துளி, அதுல நிக்கோட்டினும் வாசனையும். எரியறது இல்லாததால தாரும் கார்பன் மோனாக்சைடும் கிட்டத்தட்ட இல்லை. சிகரெட்டை விட நச்சு குறைவுங்கறது நிசம். ஆனா உள்ள திரவத்தை உறிஞ்சற திரி காஞ்சு கருகின ருசி வந்துச்சுன்னா, அந்த இழுப்புல ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின்ங்கற நச்சுகள் எகிறும். சூடாக்கற கம்பிச்சுருள், அதாவது காயில், பழசானா அதுல இருந்து நிக்கல், குரோமியம், ஈயமும் கசியும்.

பெரிய சிக்கல் நிக்கோட்டின் அளவு. அட்டையில 5 சதவீதம்னா மில்லிக்கு 50 மில்லிகிராம். 2 மில்லி திரவம் இருக்கற கருவியில மொத்தம் 100 மில்லிகிராம். ஒரு சிகரெட்ல இருந்து உடம்புல ஏறறது 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். பிரிட்டன்ல உச்சவரம்பே மில்லிக்கு 20. உப்பு வடிவ நிக்கோட்டின் தொண்டையில எரியாது, அதனால எவ்வளவு இழுத்தோம்னே தெரியாது.

சட்டம் வேண்டாம்னீங்க, ஆனா இதுல சட்டமும் உடம்பும் ஒட்டியே வருது. 2019ல இருந்து இந்தியாவுல வேப் விற்கறதே குற்றம், இங்க கைக்கு வர்றது பூராவும் கள்ளச்சரக்கு. அட்டையில போட்டதுதான் உள்ள இருக்கும்னு எவனும் உறுதி தர மாட்டான். அதே 2019ல அமெரிக்காவுல வேப் நுரையீரல் நோய் வந்துச்சு. 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 நோயாளிகள், அதுல 68 சாவு. முக்கியக் காரணம், டிஎச்சி எண்ணெயில கலந்த வைட்டமின் ஈ அசிடேட்.

ரிங்ஃப்ரேம்_பல்லடம்:
நன்றிங்ணா. கஞ்சாவுல சிகரெட் தூளைக் கலந்து சுத்தறாங்களே? பஞ்சுத்தூசியும் சேர்ந்தா?

நெஞ்சக_ஓபி:
கலந்தா கஞ்சாவோட நிக்கோட்டின் பழக்கமும் இலவசம். கஞ்சாவை விட்டவன் சிகரெட்ல வந்து நிப்பான்.

தூசி விசயம் தனி. பஞ்சைப் பிரிக்கற ப்ளோ ரூம், சிக்கெடுக்கற கார்டிங்ல இருக்கறவங்களுக்கு வார லீவு முடிஞ்சு வர்ற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிச்சு, அடுத்தடுத்த நாள் தணிஞ்சா, அது பஞ்சுத்தூசி நோயோட தொடக்கமா இருக்கலாம். புகை அதை வேகமா முத்த வெக்கும். முதல் நாள் ஷிப்டுக்கு முன்னால ஒருக்கா, முடிஞ்சதும் மறுக்கா ஸ்பைரோமெட்ரிங்கற மூச்சளவு சோதனையில ஊதிப் பார்க்கோணும். முதல் நொடியில ஊதற காத்து ஷிப்டு முடிவுல குறைஞ்சிருந்தா தூசியில்லாத பிரிவுக்கு மாத்தச் சொல்லுங்க. வெறும் எக்ஸ்ரே எடுத்து "நார்மல்"னு அனுப்பறதுல பிரயோஜனம் இல்லை, ஆரம்பத்துல அதுல தெரியாது.

மருந்துக்கடை_ஈரோடு:
விடறவங்களுக்கு: எழுந்து 30 நிமிசத்துக்குள்ள முதல் சிகரெட்டுன்னா 4 மில்லிகிராம் நிக்கோட்டின் கம், டாக்டர் சீட்டோட. மத்தவங்களுக்கு 2 போதும். சாதா கம் மாதிரி மென்னு முழுங்கினா விக்கலும் வயித்தெரிச்சலும்தான் மிச்சம். மெதுவா மென்னு, சுருசுருன்னு காரம் வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வெச்சு, காரம் அடங்கினதும் மறுபடி மெல்லோணும். ஒரு கம் அரைமணி நேரம். டீ, காப்பி குடிச்சு 15 நிமிசம் விட்டுத்தான் போடோணும், இல்லாட்டி ஏறாது. புகையிலை விடறதுக்கு இலவச எண் 1800-11-2356.

கஞ்சாவுக்கு இப்படி மாத்து மருந்து இல்லை. தூக்கம் கெடறது, எரிச்சல், பசியின்மை முதல் வாரத்துல உச்சம், பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தணியும். குரல் கேக்குதுன்னாலோ காரணமில்லாத சந்தேகம் வந்தாலோ காத்திருக்காம அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. பேசறதுக்கு அரசு மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. நாள்பட கஞ்சா இழுக்கறவங்களுக்கு அடிக்கடி வாந்தி வந்து, சுடுதண்ணியில குளிச்சா மட்டும் கேக்குதுன்னா அது கஞ்சாவால வர்ற வாந்தியா இருக்கலாம். டாக்டர்கிட்ட கஞ்சாவை மறைச்சா எண்டோஸ்கோப்பி, ஸ்கேன்னு காசுதான் கரையும்.