பல்சர் 150-க்குப் பொருந்தும் பிளக் ஸ்பேனர் எது?

அனைவருக்கும் வணக்கம்.

என்னுடைய பழைய பல்சர் 150-இன் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் நானே மாற்ற முனைந்து, ஒன்றைத்தான் மாற்ற முடிந்தது. 10 மி.மீ. மரை கொண்ட பிளக் என்பதால் 16 மி.மீ. சாக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அளவு சரிதான், ஆனால் அதன் சுவர் தடிமனாக இருப்பதால், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் உள்ள குறுகிய குழிக்குள் பாதி இறங்கி, பிளக்கின் அறுகோணத்தைத் தொடுவதற்கு முன்பே சிக்கிக்கொள்கிறது. வண்டியுடன் வந்த பாக்ஸ் ஸ்பேனரை முந்தைய உரிமையாளர் தொலைத்துவிட்டார் (காலிப் பையை மட்டும் பத்திரமாகக் கொடுத்தார்). இரவல் வாங்கிய ஸ்பேனரோ வாய் தேய்ந்திருந்ததால் வழுக்கி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசலை உண்டாக்கிவிட்டது.

புதிய பிளக்கைக் கையாலேயே திருகி உட்காரவைத்த பின் ஏறத்தாழ அரைச் சுற்று இறுக்கினால் போதும் என்பதாலும், அலுமினிய ஹெட்டின் மரை எளிதில் கெட்டுவிடும் என்பதாலும், நீண்ட கைப்பிடி எனக்குத் தேவையில்லை. மெல்லிய சுவரும், உள்ளே பிளக்கைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் வளையமும் உள்ள ஸ்பேனரை இதே வண்டியில் பயன்படுத்தியவர்கள், அதன் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். யுனிவர்சல் ஜாயின்ட் (எப்பக்கமும் வளையும் இணைப்பு) வைத்த ஸ்பேனர் சாய்வான இடத்தில் நழுவாமல் பிடிக்கிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.