இ.எஸ்.ஐ. ஊன உதவித்தொகை பெறும் தந்தையிடம் மகளுக்கான ஜீவனாம்சம் கேட்க முடியுமா?

தாசரஹள்ளித் தாய்:
அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு மாதம் 6,000 ரூபாய் தர வேண்டும் என்று பெங்களூரு குடும்பநல நீதிமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின் கீழ் உத்தரவிட்டிருந்தது. பீன்யாவில் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி வலக்கை விரல்கள் மூன்று போன பிறகு, மகளின் தந்தை பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். இ.எஸ்.ஐ.யிலிருந்து (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அவருக்கு மாதந்தோறும் தொகை வருகிறது. அதை நீதிமன்றம்கூடத் தொட முடியாது என்கிறார். இது உண்மையா? ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

வக்கீல் அண்ணாச்சி:
சகோதரி, அவர் சொல்வது பாதிதான் சரி. இ.எஸ்.ஐ. தொடர்பான சட்டப்படி அந்தத் தொகையை எந்த நீதிமன்ற உத்தரவைக் கொண்டும் ஜப்தி செய்ய முடியாது. ஆனால் ஜப்தி வேறு, வருமானக் கணக்கு வேறு. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் வகுத்த முறைப்படி, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். இந்த உதவித்தொகையும் அதில் வந்தாக வேண்டும். வருமானம் குறைந்திருந்தால் அவர்தான் தொகையைக் குறைக்கும்படி மனு போட வேண்டும். தானாக நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை; உத்தரவு மாறும் வரை நிலுவை ஏறிக்கொண்டேதான் இருக்கும். நிலுவைக்கு வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மடிவாளா முருகன்:
மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 75 சதவீத ஊனமுள்ள ஒருவரை மனைவிக்கு ஜீவனாம்சம் தரும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றமே 2024-ல் கூறியிருக்கிறது. தவிர, இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைத் தாய்க்கும் சேர்த்தே வைக்கிறது.

முன்னாள் தொழிற்சங்கத்துக்காரர்:
மூன்று விரல் இழப்பை 75 சதவீதத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது, முருகன். இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைச் சதவீதமாகக் குறித்து, அதற்கேற்பவே நிரந்தர ஊன உதவித்தொகையை நிர்ணயிக்கிறது. வேறு வேலைக்குச் சென்றாலும் அது நிற்காது. ஆகவே, அவர் இப்போது வேலை பார்க்கிறாரா என்பதே முக்கியம்.

தாசரஹள்ளித் தாய்:
எலஹங்காவில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார் ஐயா. நானும் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறேன். என் பங்கை மறுக்கவில்லை. வக்கீல் வைக்கத்தான் வசதி இல்லை.

வக்கீல் அண்ணாச்சி:
அப்படியானால் அந்த வேலையையும் மனுவில் குறிப்பிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்திலுள்ள மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள். பழைய உத்தரவின் சான்றிட்ட நகலையும் பாஸ்புக்கையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.