மே கடைசில அம்மா அப்பாவோட ஒரு வெளிநாட்டு திருவிழா பாக்கணும், எங்க போலாம்?

ஊர்சுத்தி_மதுர:
வணக்கம் மக்களே. 2026 மே 20ல இருந்து 28 வரைக்கும் லீவு கிடைச்சிருக்கு. அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61, ரெண்டு பேருக்கும் இதான் முதல் வெளிநாட்டு பயணம். மாலும் தீம் பார்க்கும் சுத்திட்டு வர இஷ்டமில்ல, அந்த ஊர் சனங்க அவங்களுக்காகவே கொண்டாடுற திருவிழா ஒண்ண கிட்ட நின்னு பாக்கணும். டோக்கியோல சான்ஜா மட்சுரி, தாய்லாந்துல யசோதொன் ராக்கெட் திருவிழா, ஹாங்காங் பக்கம் சியுங் சாவ் பன் திருவிழா, இந்த மூணும் மனசுல இருக்கு. அம்மா முட்டை கூட தொடமாட்டாங்க, அப்பாவுக்கு முட்டி வலி. போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரயில்பயணி77:
ப்ரோ முதல்ல தேதிய பாருங்க. சான்ஜா மட்சுரி மே மூணாவது வாரக்கடைசி, அதாவது 15, 16, 17, உங்க லீவுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். சுமிதா ஆத்துல வலை போட்ட அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு கண்ணோன்னு கருணைக்கான புத்த தெய்வத்தோட சிலை கிடைச்சுதாம், அதுக்கு கோயில் கட்டின ஊர்த்தலைவரையும் சேத்து மூணு பேரையும் சாமியா வச்சு டோக்கியோவோட அசாகுசா பகுதில கும்பிடுறாங்க, அந்த விழாதான் இது. சனிக்கிழமை தெருத்தெருவா சுமார் நூறு மிகோஷி, நம்ம சப்பரம் மாதிரி, தோள்ல தூக்கி குலுக்கிக்கிட்டே வருவாங்க. நெரிசல் பயங்கரமா இருக்கும், முட்டி வலியோட வேணாம். யசோதொனும் வழக்கமா மே ரெண்டாவது வாரக்கடைசிதான். மழை வேண்டி மூங்கில் ராக்கெட்ட வானத்துக்கு விடுறது, மேல போகாம புஸ்ஸுனு போச்சுன்னா செஞ்சவங்கள தூக்கி சேத்துல போடுவாங்க, பாக்க அவ்ளோ சந்தோஷமா இருக்கும். நம்மூர்ல மழைக்கு தவளை கல்யாணம் பண்ணுவோம்ல, அங்க தேரை ராஜா மழைக்காக வானத்து சாமியோட சண்டை போட்ட கதை சொல்லுவாங்க. வேற வருஷம் கண்டிப்பா போங்க.

கொங்குப்பொண்ணு:
சியுங் சாவ் போங்கண்ணா, யோசிக்கவே வேணாம். மெயின் நாள் சீன நாலாம் மாசம் எட்டாம் நாள், புத்தர் பிறந்தநாள், 2026ல மே 24 ஞாயித்துக்கிழமை, உங்க லீவுக்குள்ளயே வருது. இன்னொண்ணு, அந்த விழா நாள்ல தீவே சைவம் சாப்பிடும், அங்க இருக்குற மெக்டொனால்ட்ஸ்ல கூட சைவ பர்கர் போடுவாங்க. ஆனா எல்லா கடையும் அப்படினு நம்பி உக்காந்துடாதீங்க, முட்டை இல்லையானு கேட்டுட்டே வாங்கிக் குடுங்க.

மத்தியானம் ஊர்வலம். சின்னச்சின்ன புள்ளைங்க தெருவுல தலைக்கு மேல மிதந்து வரும். ஒரு பொண்ணு, அஞ்சு வயசு இருக்கும், விசிறி நுனில ஒத்தக்கால்ல நின்னு வந்துச்சு, உத்துப் பாத்தாத்தான் தெரியும் பட்டு டிரஸ்ஸுக்குள்ள இரும்புக் கம்பி வளைஞ்சு போய் ஒரு சீட் மாதிரி புள்ளைய தாங்குது. கீழ அவங்கப்பா கையடக்க ஃபேன் வச்சு காத்து காட்டிக்கிட்டே நடந்தாரு, அத பாத்து எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. கொள்ளைநோய் வந்தப்ப பாக் தாய்ங்கற கடல் சாமிய தெருவுல எடுத்துட்டுப் போய் நோய விரட்டினதா ஐதீகம், நம்ம மாரியம்மன் கதையேதான்.

நடுராத்திரி பன் கோபுரம் ஏறுறது, அதாவது பன்னால மூடின உசரமான கோபுரத்துல ஏறி பன் பறிக்கிற போட்டி. மூணு நிமிஷம்தான், மேல இருக்குற பன்னுக்கு மார்க் ஜாஸ்தி. 1978ல கோபுரம் சரிஞ்சு பல பேருக்கு அடிபட்டு நிறுத்திட்டாங்க, 2005ல இரும்புக் கோபுரம், கயிறு எல்லாம் வச்சு திரும்ப ஆரம்பிச்சாங்க. இப்ப ஏறுற கோபுரத்துல பிளாஸ்டிக் பன்தான். கடைல விக்கிறது நெசமான பன், வெள்ளையா, மேல செவப்பு முத்திரைல 'அமைதி, நலம்'னு சீனத்துல, உள்ள எள்ளு இல்ல தாமரை விதை விழுது.

ஊர்சுத்தி_மதுர:
ரொம்ப நன்றிமா! அப்பா நடக்க கஷ்டமா? விசா?

கொங்குப்பொண்ணு:
தீவுல கார் கிடையாது, நடக்கத்தான் வேணும், ஆனா படகுத்துறைல இருந்து கோயில் பத்து நிமிஷம்தான். ஹாங்காங் நகரத்துல சென்ட்ரல்ங்கற பகுதில இருக்குற 5ஆம் நம்பர் துறைல காலைலயே ஃபெர்ரி ஏறிடுங்க, நான் பதினோரு மணிக்கு போய் கியூல வெந்துட்டேன், மே மாசம் அங்க நம்ம சென்னை மாதிரி கசகசனு இருக்கும். சாதா ஃபெர்ரி ஒரு மணி நேரம் ஆகும், ஃபாஸ்ட்டுல போனா அதவிட கம்மி. ராத்திரி திரும்ப கூடுதல் ஃபெர்ரி விடுவாங்க, ஆனா அப்பாவுக்காக ஊர்வலம் மட்டும் பாத்துட்டு சாயங்காலமே திரும்பிடுங்க. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்ல முன்பதிவு பண்ணிட்டா 14 நாள் விசா இல்லாம இருக்கலாம், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே மூணு பேருக்கும் அத முடிச்சிடுங்க. அப்பாவுக்கு ஒரு மடக்கு ஸ்டூல் மறக்காம எடுத்துட்டுப் போங்க.