தோல் முகமூடியைக் கழற்றினால்தான் அர்லெக்கினோ பிழைப்பானா?

மேடைரவி:
சண்டை வரும் என்று தெரிந்தேதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கொம்மெடியா தெல்லார்த்தே 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த முகமூடி நகைச்சுவை. முழு வசனம் எழுதி வைக்க மாட்டார்கள். காட்சி வரிசை மட்டும் இருக்கும், மிச்சத்தை நடிகர்கள் மேடையில் பேசி நிரப்புவார்கள். பாத்திரங்கள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை: வெனிஸின் கஞ்ச வியாபாரி பந்தலோனே, பொலோஞாவின் வாய் ஓயாத பண்டிதர் தொத்தோரே, போர்க்களம் பார்க்காமலே வீரம் பேசும் ஸ்பானியக் கப்பித்தானோ, பெர்கமோ மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பசித்த வேலைக்காரன் அர்லெக்கினோ.

இதை இன்றைய ரசிகர்களுக்காக உயிர்ப்பிக்கிறோம் என்று ஐரோப்பா முழுக்கப் பயிலரங்குகள் நடக்கின்றன. நான் பார்த்த வரையில் மிஞ்சியிருப்பது உடுப்புதான். தோல் முகமூடி, கட்டம் போட்ட சட்டை, இடுப்பில் மரத்தடி. அன்றைக்கு ஸ்பானியப் படை மிலானிலும் நேப்பிள்ஸிலும் நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. அதனால் கப்பித்தானோ மேடைக்கு வந்ததுமே கூட்டம் சிரித்தது. இன்றைய ரசிகனுக்கு அந்தப் படை மேல் என்ன கோபம்?

என் கட்சி இது: முகமூடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், கதை நகரும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாடகாசிரியர் ரிச்சர்ட் பீன் அதைத்தான் செய்தார். 18ஆம் நூற்றாண்டு வெனிஸ் நாடகாசிரியர் கொல்தோனியின் ‘இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்’ நாடகத்தை 1963ஆம் ஆண்டு பிரைட்டனுக்கு நகர்த்தி, 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’ என்று ஏற்றினார்கள். வேலைக்காரன் முகத்தில் முகமூடி இல்லை. அரங்கம் வயிறு வலிக்கச் சிரித்தது. வேலைக்காரனாக நடித்த ஜேம்ஸ் கார்டனுக்கு டோனி விருதும் கிடைத்தது. இதுதான் உயிர்ப்பித்தல்.

பாதுவாபரணி:
ரவி, முகமூடியை உடுப்புக் கணக்கில் சேர்த்தீர்களே, அங்கேதான் தவறு. அது ஒரு கருவி.

நான் வேலை பார்ப்பது இத்தாலியின் பாதுவாவில். பக்கத்தில் அபானோ தெர்மே என்ற ஊரில் சர்தோரி குடும்பத்தின் முகமூடி அருங்காட்சியகம் இருக்கிறது. 1947இல் மிலானின் பிக்கோலோ தியேத்ரோவில் இயக்குநர் ஜோர்ஜோ ஸ்த்ரேலர் அதே கொல்தோனி நாடகத்தை எடுத்தபோது, நல்ல தோல் முகமூடி செய்யும் கை யாரிடமும் இல்லை. அட்டையும் துணியும் ஒட்டிச் செய்ததைப் போட்டு நடிக்க முடியாமல், அர்லெக்கினோவாக நடித்த மார்செல்லோ மொரெத்தி முகத்தில் கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டார். அப்புறம்தான் பாதுவாவின் சிற்பி அம்லேத்தோ சர்தோரி பழைய வேலையைத் தேடிக் கண்டுபிடித்தார். மரத்தில் அச்சு செதுக்கி, ஈரத்தோலை அதன்மேல் அழுத்தி, கொம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்குவது. பூனை, நரி, காளை என்று மூன்று சாயலில் செய்து காட்டினார். மொரெத்தி பூனையை எடுத்துக்கொண்டார்.

அதைப் போட்ட பிறகு அவருடைய நடிப்பே மாறியது. கண்ணும் கன்னமும் மறைந்துவிட்டால் கழுத்தும் முதுகும் பாதமும்தான் பேசியாக வேண்டும். கார்டன் நன்றாகச் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் அது அவருடைய முகத்தின் வெற்றி. பத்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவனிடம் கேட்டுப் பாருங்கள்.

மேடைரவி:
பரணி, அதே பிக்கோலோ நாடகத்தைத்தான் நானும் சாட்சிக்கு அழைக்கிறேன். 1961இல் மொரெத்தி இறந்தார். அவருக்குப் பின் ஃபெர்ரூச்சோ சொலேரி வந்தார், 2018 வரைக்கும் அதே வேடம். கின்னஸ் புத்தகத்தில்கூட ஏறியது. மேடையில் பேசிப் பேசியே உருவான ஒரு கலையின் பெயரால், ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல், பசித்த அர்லெக்கினோ ஈயைப் பிடித்துத் தின்னும் காட்சியில், அதே ஈயைப் பிடித்து அதே இடத்தில் விழுங்கிக்கொண்டிருந்தார். இதற்குப் பெயர் பாதுகாப்பு. உயிர் இல்லை.

பாதுவாபரணி:
அந்த அரை நூற்றாண்டில் ஸ்த்ரேலர் அந்தத் தயாரிப்பைப் பல முறை பிரித்துக் கட்டினார். பின்னாளைய வடிவங்களில் மேடைக்குள் இன்னொரு மேடை. ஓரத்தில் நடிகர்கள் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் களைத்து உட்கார்ந்திருப்பார்கள், வயதான ஒருவர் வசனம் எடுத்துக் கொடுப்பார். இது ஒரு பழைய குழுவின் பிழைப்பு என்று பார்ப்பவருக்கே தெரியும்படி வைத்தார். அதைத்தான் நீங்கள் வெறும் பாதுகாப்பு என்கிறீர்கள்.

அப்புறம் சொலேரி. எண்பது வயதைத் தாண்டியும் உருண்டு புரண்டு துள்ளியவர். கடைசியில் வணக்கம் சொல்லும்போது முகமூடியை எடுப்பார். உள்ளே ஒரு முதியவர் இருப்பதைப் பார்த்து அரங்கமே மூச்சை இழுக்கும். முகமூடி இல்லாமல் இதை எப்படிச் செய்வீர்கள்?

கோபி77:
ரெண்டு பேரும் ஒரே நாடகத்தை வைத்துத்தான் அடித்துக்கொள்கிறீர்கள். அதுவும் கொல்தோனி எழுதியது. கொம்மெடியாவை ஒழித்தவரே அவர்தானே?

பழையடிக்கெட்:
கோபி தம்பி பாதி சரி. 1745இல் அந்தோனியோ சக்கி என்ற நடிகர் கேட்டதால் கொல்தோனி அதை எழுதிக் கொடுத்தார். முதலில் நிறைய இடங்களை நடிகர்களின் வாய்க்கே விட்டிருந்தார். பிறகு 1753இல் வசனம் முழுவதையும் எழுதி அச்சிட்டார். நடிகன் வாயிலிருந்து எழுத்தாளன் கைக்கு நாடகம் மாறிய தருணம் அது. ஒழித்தார் என்பது பெரிய வார்த்தை. அவருடைய எதிரி கார்லோ கோட்ஸி 1761இலும்கூட அதே சக்கியின் குழுவை வைத்து முகமூடி நாடகம் போட்டு வெனிஸில் வெற்றி கண்டார்.

ஆனால் நீங்கள் இருவரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. காசு.

1545 பிப்ரவரி 25, பாதுவா. எட்டு ஆட்கள் ஒரு பத்திர எழுத்தாளர் முன்னால் ஒப்பந்தம் போட்டார்கள். தொழில்முறை நாடகக் குழுவுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணங்களில் அது ஒன்று. அதில் கலையைப் பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். சாமான் சுமக்க ஒரு குதிரை வாங்க வேண்டும். வசூலைப் பூட்டுப் போட்ட பொதுப் பெட்டியில் வைக்க வேண்டும். யாராவது நோயில் விழுந்தால் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஓடிப்போனால் அபராதம். தங்களுக்குள் பணம் வைத்துச் சீட்டாடக் கூடாது.

மேடையில் பேசி நிரப்புவது இந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது. ஒரே எட்டுப் பேர் வருடம் முழுக்கச் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பயணம் போய், ஒருவன் தும்மினால் அடுத்தவன் என்ன சொல்வான் என்று தெரிந்தவர்கள். இன்றைய உயிர்ப்பிப்பு எப்படி? இரண்டு வாரப் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், ஊருக்குப் போகும் விமானம். முகமூடி போட்டால் என்ன, கழற்றினால் என்ன?

நிலா.க:
டிக்கெட் ஐயா சொல்வதோடு கிட்டத்தட்ட உடன்படுகிறேன். ஆனால் அந்த எட்டுப் பேரும் ஆண்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பெண்கள் வந்தது இருபது வருடம் கழித்து. 1564இல் ரோமில் ஒரு குழு ஒப்பந்தத்தில் லுக்ரேட்ஸியா என்ற சியெனா பெண்ணின் பெயர் இருக்கிறது. வந்தவர்கள் பெரும்பாலும் முகமூடி போடவில்லை. காதலர்களுக்கும் பணிப்பெண்ணுக்கும் வெறும் முகம்தான் வழக்கம். பரணி ‘முகமூடிதான் கருவி’ என்று சொல்லும்போது, பாதிக் குழு அந்தக் கருவி இல்லாமலே வேலை செய்தது என்பது அவர் நினைவுக்கு வரவில்லையா?

இசபெல்லா அந்த்ரெய்னியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெலோஸி குழுவின் நட்சத்திரம். 1589இல் ஃபிளாரன்ஸில் மெதிச்சி வீட்டுத் திருமணத்துக்கு ‘இசபெல்லாவின் பித்து’ என்று ஒரு நாடகம். காதலனால் ஏமாற்றப்பட்டுப் பித்துப் பிடித்த பெண் வேடம். அந்தப் பித்தில் அவர் பல மொழிகளில் மாறி மாறிப் பேசுகிறார், பாடுகிறார். அப்புறம் தன் குழுவின் சக நடிகர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுகிறார். பந்தலோனே, தொத்தோரே, வேலைக்காரர்கள், கப்பித்தானோ எல்லாம். அத்தனை முகமூடிகளையும் ஒரு வெறும் முகம் விழுங்கிவிட்டது. திருமணத்துக்குப் போயிருந்த ஒருவர் இதை நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. இசபெல்லா 1604இல் லியோனில் கருச்சிதைவில் இறந்தபோது அந்த நகரமே மரியாதையோடு அடக்கம் செய்தது.

இன்றைய பயிலரங்குகளின் விளம்பரங்களைப் பாருங்கள். பத்துப் படத்தில் ஒன்பது அர்லெக்கினோ. இசபெல்லாவை உயிர்ப்பிக்க யாருக்கும் ஆசை இல்லை, ஏனென்றால் அவரைக் கடையில் வாங்க முடியாது.

பாதுவாபரணி:
நிலா, நல்ல அடி. ஆனால் அவர் நடித்துக் காட்டியதைக் கூட்டம் அடையாளம் கண்டது எப்படி? பக்கத்திலேயே முகமூடிகள் இருந்ததால். வெறும் முகத்துக்கு அர்த்தம் கொடுத்ததே தோல்தான். மேடையில் எல்லாரும் வெறும் முகமாக இருந்திருந்தால் அது இன்னொரு சோக நாடகம்.

நிலா.க:
அப்படியானால் முகமூடியும் வெறும் முகமும் ஒன்றுக்கொன்று வேண்டும் என்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். ‘முகமூடிதான் கருவி’ என்று தொடங்கிய ஆள் நீங்கள்.

மேடைரவி:
டிக்கெட் சாரின் குதிரைக்கும் பெட்டிக்கும் வருகிறேன். நிரந்தரக் குழு இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிக்கோலோ அரசுப் பணத்தில் நடக்கும் நிலையான அரங்கம். குழு இருந்தது. அப்படியும் பந்தலோனேயைப் பார்த்துப் பயப்பட வேண்டிய எவரும் முதல் வரிசையில் இல்லை.

அமெரிக்காவில் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் 1959இல் தொடங்கியது. 60களின் தொடக்கத்திலேயே பூங்காக்களில் இலவசமாகக் கொம்மெடியா பாணியில் ஆடினார்கள். 1965 ஆகஸ்டில் அவர்கள் நாடகம் ஆபாசம் என்று நகரப் பூங்கா ஆணையம் அனுமதியை ரத்து செய்தது. அப்படியும் ஆடப் போனார்கள், இயக்குநர் ஆர். ஜி. டேவிஸைப் போலீஸ் கைது செய்தது. மிலானில் பேராயர் கார்லோ பொரொமேயோ நடிகர்களை விரட்டியதும், 1697இல் பதினான்காம் லூயி இத்தாலிய நடிகர்களைப் பாரிஸிலிருந்து வெளியேற்றியதும் இதே ஜாதிதான். மேலே இருப்பவனுக்கு எரிச்சல் வந்தால் அது உயிரோடு இருக்கிறது. தோலைத் தட்டும் சுத்தியலால் இது வராது.

கோபி77:
அந்த சான் பிரான்சிஸ்கோ ஆட்கள் முகமூடி போட்டுத்தானே ஆடினார்கள்?

மேடைரவி:
போட்டார்கள். அதனால் கைதாகவில்லை.

பழையடிக்கெட்:
அவர்களிடமும் குழு இருந்தது ரவி. சம்பளம் சொற்பம், ஆனால் ஒன்றாக இருந்தார்கள், இன்றும் கோடையில் பூங்காவில் ஆடுகிறார்கள். நீங்கள் காட்டும் உதாரணமெல்லாம் என் பெட்டிக்குள்தான் வந்து விழுகிறது.

நீங்கள் தொடங்கிவைத்த பீன் நாடகத்துக்கும் வருவோம். கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு இழுத்து, படாத பாடு படுத்தி, தண்ணீரில் நனைப்பார்களே, அந்தப் பெண் குழுவின் சம்பள நடிகை. எதிர்பாராமல் நடப்பது போன்ற இடங்களில் பலவும் ஒத்திகை பார்த்தவை. அதை நான் குறை சொல்லவில்லை. பழைய நடிகர்களும் அப்படித்தான். காதலனுக்கு ஐம்பது புலம்பல், தொத்தோரேக்கு நூறு உளறல் என்று நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஃபிளமினியோ ஸ்காலா 1611இல் 50 கதைச் சுருக்கங்களை அச்சிட்டார். அதில் வசனமே இல்லை, ஏனென்றால் வசனம் நடிகர்களின் மூட்டையில் இருந்தது. மூட்டை சேர வருடங்கள் ஆகும். வாடகையை யார் கொடுப்பது?

நிலா.க:
வேலைக்காரனைத் தடியால் அடிப்பது, திக்கிப் பேசும் தர்தாலியாவைக் கேலி செய்வது, கிழவன் இளம்பெண்ணைத் துரத்துவது, இந்த மூட்டையையும் அப்படியே இறக்கப் போகிறீர்களா? அதையும் யாராவது சொல்லுங்கள்.

பாதுவாபரணி:
தர்தாலியாவை நான் விட்டுவிடுவேன். கிழவன் துரத்துவதை வைத்துக்கொள்வேன், அங்கே அவமானப்படுவது கிழவன்தான். அடி வாங்கும் இடத்தை முகமூடி இல்லாமல் ஆடிப் பாருங்கள், ஒரு மனிதன் வலியில் துடிப்பது தெரிந்து சிரிப்பு நின்றுவிடும். தோல் முகத்தோடு ஆடும்போதுதான் அது ஆட்டமாகிறது.

நிலா.க:
எனக்கு அதுதான் பயம். முகம் தெரியாத வேலைக்காரனை அடித்தால் சிரிக்கலாம் என்றால், முகத்தைக் கொஞ்ச நேரம் தெரிய விடுவது நல்லது.

கோபி77:
சரி, எதுவும் தெரியாத என்னைப் போன்றவன் முதலில் எதைப் பார்ப்பது?

மேடைரவி:
பீன் நாடகத்தின் பதிவு. 2020 ஊரடங்கில் நேஷனல் தியேட்டர் யூடியூபில் இலவசமாகப் போட்டபோது பார்த்தவர்கள் இங்கேயே நிறைய இருப்பார்கள்.

பாதுவாபரணி:
பிக்கோலோவின் பதிவு, சொலேரி நடித்தது. இத்தாலியன் தெரிய வேண்டாம். ஈ வரும் இடம் வரைக்கும் மட்டும் பாருங்கள், பிறகு வந்து ரவியோடு சண்டை போடுங்கள்.

பழையடிக்கெட்:
இரண்டையும் பார் தம்பி. பார்த்துவிட்டு, அந்த நடிகர்கள் எத்தனை வருடம் சேர்ந்து ஆடினார்கள் என்று தேடிப் பார்த்து இங்கே எழுது.