மூவேற்றம்: ‘ஃபோர்-பெட் பாட்’ தமிழில்

குழுவினருக்கு வணக்கம்.

போக்கர் சீட்டாட்டத்தில் பொதுச் சீட்டுகள் விழும் முன்பே மூன்று முறை பந்தயம் உயர்ந்து நடுவில் சேரும் பணத்தை ஆங்கிலத்தில் ‘ஃபோர்-பெட் பாட்’ என்கிறார்கள். அதற்கு ‘நான்காம் பந்தயப் பானை’ என்று நேற்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. இரண்டு சொல்லுமே எனக்கு ஒப்பவில்லை.

பானையை முதலில் முடித்துவிடலாம். ஆடும்போது ‘நடுவுல எவ்வளவு இருக்கு?’ என்றுதான் கேட்கிறோம். ‘நடுப்பணம்’ போதும். அவரவர் முன்னால் மிச்சமிருப்பது ‘கையிருப்பு’.

‘நான்காம்’ என்பதில்தான் சிக்கல். இந்த எண்ணிக்கை, பந்தய அளவு முன்பே நிர்ணயிக்கப்பட்ட ‘வரம்புள்ள’ போக்கரிலிருந்து வந்தது. அங்கே முதல் சுற்றில் ஒவ்வொரு ஏற்றமும், அதாவது பந்தயத்தை உயர்த்துவதும், ஒரே அளவு. சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் ‘பெரிய பிளைண்ட்’தான் முதல் பந்தயம். அதை ஒன்று என்று வைத்தால், நான்கு என்பது நான்கு மடங்குப் பணம். வரம்பில்லா ஆட்டத்தில் அதே நான்காவது பந்தயம் 24 மடங்காக இருக்கலாம். பொருள் போய்விட்டது, எண் மட்டும் ஒட்டிக்கொண்டது. புதிதாகக் கற்பவரோ நான்கு முறை ஏற்றியதாக நினைத்துக்கொள்கிறார். நடந்தது மூன்று ஏற்றம்தான். அதனால் ஏற்றத்தை மட்டும் எண்ணுவோம்: ஓரேற்றம், ஈரேற்றம், மூவேற்றம்.

எல்லாவற்றுக்கும் ‘மறுஏற்றம்’ போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். இருவரிடமும் பெரிய பிளைண்டைப் போல 100 மடங்குப் பணம். இனி வரும் தொகைகளும் அந்தக் கணக்கில்தான். பட்டனில் இருப்பவர், அதாவது பொதுச் சீட்டு விழுந்த பிறகு கடைசியாக ஆடுபவர், 2.5 வைக்கிறார். பெரிய பிளைண்டில் இருப்பவர் அதை 11 ஆக்குகிறார். பட்டன் 24 ஆக்க, எதிராளியும் அதே அளவுக்கு வருகிறார். சிறிய பிளைண்டாக அரை வைத்துவிட்டு விலகியவரின் பணமும் சேர்ந்து நடுப்பணம் 48.5, கையிருப்பு 76. ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஈரேற்றத்தோடு நின்றிருந்தால் நான்கு மடங்கு, ஓரேற்றத்தோடு நின்றிருந்தால் ஏறக்குறைய 18 மடங்கு. இதை ‘இருப்பு மடங்கு’ என்று சொல்லலாம். எவ்வளவு வைப்பது என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது.

மூவேற்றத்தில் பெரிதாக வைக்கத் தேவையே இல்லை. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) 14.5, டர்னில் (நான்காவது சீட்டு) 23.5, ரிவரில் (ஐந்தாவது சீட்டு) 38. ஒவ்வொன்றும் அப்போதைய நடுப்பணத்தில் சுமார் 30 சதவீதம்தான். ஆனாலும் கையிருப்பு முழுவதும் உள்ளே போய்விடுகிறது. கிங், ஏழு, இரண்டு போன்ற ஃப்ளாப் விழுந்தால் பட்டன் ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் இப்படிச் சிறிதாக வைக்கலாம். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி அவரிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எதிராளியிடம் இருந்திருந்தால் பெரும்பாலும் இன்னொரு முறை ஏற்றியிருப்பார். ஒன்பது, எட்டு, ஏழு என்று அடுத்தடுத்து விழுந்தால் அந்தத் துணிவு கூடாது, பல முறை வைக்காமல் விட வேண்டும். ‘மறுஏற்றம்’ என்ற ஒரே சொல்லில் ஈரேற்றமும் மூவேற்றமும் கலந்துபோனால் இதையெல்லாம் எப்படி விளக்குவது?

ஃபோர்-பெட் என்றே பழகியவருக்கு மூன்று என்ற எண் இடறும், உண்மைதான். ‘பிளைண்டையும் சேர்த்தால் நான்கு’ என்று சொல்விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

சரி, அதற்கு மேலும் ஒருவர் ஏற்றினால் நாலேற்றமா, நான்கேற்றமா? எனக்கு நாலேற்றம் வாயில் தடையில்லாமல் வருகிறது. உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?